வந்தது முருகன்னு வள்ளிக்குத் தெரியாது

போன செமஸ்டரில் எங்க ஹாஸ்டல் ரூமில் ஒரு சண்டை. அடிதடி எல்லாம் இல்லை, மூணு வாரம் பேச்சுவார்த்தை கிடையாது, அவ்வளவுதான். காரணம் கேட்டா சிரிப்பீங்க. ஜிடிஏ ரோல்பிளே சர்வர். அதில் நான் போலீஸ். என் ரூம்மேட் நகைக்கடையைக் கொள்ளையடிச்ச கேங்கில் ஒருத்தன். வண்டியை அவன் எங்கே ஒளிச்சு வெச்சிருக்கான்னு என் கேரக்டருக்குத் தெரியாது. ஆனா எனக்குத் தெரியும். ஏன்னா அவன் எதிர்க் கட்டிலில் உட்கார்ந்துதான் விளையாடுறான், ஸ்கிரீன் கண்ணில் படுது. நேரா அந்த இடத்துக்குப் போய் அவனைப் பிடிச்சேன். அவன் கேங் ரெண்டு நாள் உட்கார்ந்து போட்ட பிளான் ரெண்டு நிமிஷத்தில் காலி. அட்மின் என்னை ஒரு வாரத்துக்குத் தூக்கிட்டார். ரூம்மேட் அதுக்கும் மேல.

விளையாடுறவங்களுக்கு இது தெரியும். இதுக்குப் பேர் மெட்டாகேமிங். விளையாடுறவனுக்குத் தெரிஞ்சதை, அது தெரிய வாய்ப்பே இல்லாத கேரக்டரை வெச்சுப் பயன்படுத்துறது. 1974ல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்த காலத்திலிருந்தே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடுறவங்க நடுவில் இந்தத் தகராறு இருக்கு. நான் என்னமோ இது கம்ப்யூட்டர் கேம் கொண்டுவந்த பிரச்சினைன்னு நினைச்சிட்டு இருந்தேன். அது தப்புன்னு புரிஞ்சது குற்றால சீசனில். சமாதானம் ஆகி ரூம்மேட் ஊருக்குப் போயிருந்தோம். அவன் வீடு தென்காசிப் பக்கம். ஐந்தருவியில் குளிச்சிட்டு ஈரத் தலையோட உட்கார்ந்திருக்கும்போது அவன் தாத்தா போனில் ஒரு பழைய பாட்டைப் போட்டார். கீறல் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் எங்கேயோ உச்சியில் போய் நிற்குது. யார் தாத்தான்னு கேட்டேன். எங்க ஊர்க்காரர்னு சொல்லி மேற்கே கையைக் காட்டினார். செங்கோட்டை. அங்கிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம்.

அவர்தான் எஸ்.ஜி. கிட்டப்பா. செங்கோட்டை கங்காதரன் கிட்டப்பா. இருபத்தேழு வருஷம் வாழ்ந்த மனிதர். அவரைப் பற்றிப் படிக்கப் படிக்க, நானும் ரூம்மேட்டும் சண்டை போட்ட அதே கேள்வி அவர் வாழ்க்கை முழுக்க ஓடுவது தெரிந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எல்லைக்கோட்டு ஊர்

கிட்டப்பா பிறந்தது 1906 ஆகஸ்ட் 25. அப்பா கங்காதர ஐயர். வீட்டில் வைத்த பெயர் ராமகிருஷ்ணன். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கிட்டப்பா ஆனது. அண்ணன் தம்பிகள் நிறைய. வசதி குறைவு.

அன்றைய செங்கோட்டை இப்போது இருப்பது போலத் தென்காசி மாவட்டத்து ஊர் இல்லை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1ல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தென்காசியும் குற்றாலமும் பிரிட்டிஷ் ஆட்சியில், பக்கத்திலேயே இருக்கும் செங்கோட்டை ராஜா ஆட்சியில். கிட்டப்பா பிறப்பதற்கு ரெண்டு வருஷம் முன்னால், 1904ல், மலையைக் குடைந்து செங்கோட்டையிலிருந்து புனலூர் வழியாகக் கொல்லத்துக்கு ரயில் ஓட ஆரம்பித்தது. ரயில் வந்த ஊருக்கு நாடகக் கம்பெனியும் வரும். திரைச்சீலை, பெட்டி, விளக்கு, சமையல் பாத்திரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவதற்கு ரயிலை விட்டால் அன்று வேறு வசதி இல்லை.

ஏழ்மையான வீட்டில் பாடத் தெரிந்த பையன் இருந்தால், நாடகக் கம்பெனியில் சேர்த்துவிடுவது அப்போது ஒரு வழி. சாப்பாடு கிடைக்கும், பாட்டும் வரும். கிட்டப்பாவும் அவருடைய சகோதரர்களும் அப்படித்தான் போனார்கள். பத்து வயது ஆவதற்குள்ளேயே கிட்டப்பா மேடை ஏறிவிட்டார். நம்ம வயசில் நாம முதல் இன்டர்ன்ஷிப் தேடிக்கிட்டு இருக்கோம். அவருக்கு அந்த வயதில் பத்து வருஷத்துக்கு மேல் அனுபவம்.

ரூல்புக் எழுதியவர்

சிறுவன் கிட்டப்பா பயின்றவர்களில் முக்கியமானவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று இன்றைக்கும் நாடகக்காரர்கள் அவரைத்தான் கும்பிடுகிறார்கள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதியவர். அவருக்கு முன்னால் மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசலாம் என்ற நிலை. கேரக்டர் ஒன்று, பேசுகிற பேச்சு வேறொன்று. சுவாமிகள்தான் பாட்டையும் வசனத்தையும் எழுதிக் கொடுத்து, இந்த வேஷம் இதைத்தான் பேசும், இதற்கு மேல் தெரியாது என்று வரம்பு கட்டினார். இன்றைய பாஷையில் சொன்னால் சர்வருக்கு ரூல்புக் போட்டவர்.

அவர் ஏன் நடிப்பதை விட்டுவிட்டு வாத்தியார் ஆனார் என்பதற்கு நாடக உலகில் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. நடிகராக இருந்த காலத்தில் அவர் எமன், சனீஸ்வரன் போன்ற வேஷங்களில் பெயர் வாங்கியவர். விடிய விடிய சனீஸ்வரனாக நடித்து, வேஷத்தைக் கலைக்கத் தண்ணீர்த் துறைக்குப் போன இடத்தில், எதிரே வந்த ஒரு பெண் அந்த உருவத்தைப் பார்த்த அதிர்ச்சியில் விழுந்து இறந்துபோனாளாம். எமன் வேஷத்தைப் பார்த்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது என்றும் சொல்வார்கள். அதோடு அவர் அரிதாரம் பூசுவதை நிறுத்திக்கொண்டார் என்பது கதை. நடந்ததோ, காலப்போக்கில் வளர்ந்ததோ, நாடகக்காரர்கள் இதை ஏன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார்கள் என்று பாருங்கள். மேடையில் இருக்கும்வரைக்கும்தான் வேஷம். மேடையை விட்டு அது வெளியே நடந்து போனால் ஆளைக் கொல்லும். அந்த பயம் அவர்களுக்கு இருந்திருக்கிறது.

கிட்டப்பா அந்தப் பள்ளியில் வளர்ந்த பையன். பிறகு கண்ணையா கம்பெனிக்குப் போனார். பிரம்மாண்டமான காட்சி அமைப்புக்குப் பெயர்போன கம்பெனி அது. அங்கே தசாவதாரத்தில் மோகினி, ராமாயணத்தில் பரதன் என்று போட்ட வேஷங்களில்தான் அவர் பெயர் பரவியது. பெண் வேஷத்தைப் பையன்கள் கட்டுவது அப்போது சகஜம். பாற்கடல் அமுதத்தைப் பங்கு போட வரும் மோகினி யாரென்று அசுரர்களுக்குத் தெரியாது. அது திருமால் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும். அந்த மோகினியாக நிற்பது செங்கோட்டைப் பையன் என்பதும் தெரியும். மூன்று அடுக்கு. மூன்றும் தெரிந்துதான் ஜனம் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தது.

ஐந்து கட்டைக் குரல்

கிட்டப்பாவை கிட்டப்பா ஆக்கியது குரல். ஐந்து கட்டையில் பாடுவார் என்பார்கள். கட்டை என்றால் ஆர்மோனியக் கட்டை. ஒன்றாம் கட்டை மேற்கத்திய கணக்கில் சி. ஐந்தாம் கட்டை ஜி. ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டரைக்குள் சுருதி வைத்துக்கொள்வார்கள். ஒன்றிலிருந்து ஐந்துக்குப் போனால் அதிர்வெண் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதுதான் அவருக்கு ஆதார ஸட்ஜமம். அங்கிருந்து மேல் ஸ்தாயிக்கு அவர் ஏறவேண்டும். ஒன்றாம் கட்டைக்காரர் கஷ்டப்பட்டு எட்டிப் பிடிக்கிற மேல் பஞ்சமம் இவருக்கு மேல் ஸட்ஜமம்தான். அதற்கு மேலேதான் இவருடைய சஞ்சாரமே ஆரம்பம்.

இவ்வளவும் மைக் இல்லாமல். கொட்டகையில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும். உயரமான சுருதிக்கு நாடகக்காரர்கள் பழகியதற்கு இதுவும் ஒரு காரணம். குரல்தான் அன்றைய ஆம்ப்ளிஃபையர். முறையாக ஒரு குருவிடம் வருஷக்கணக்கில் உட்கார்ந்து பயின்றவர் இல்லை கிட்டப்பா. பெரும்பாலும் கேள்வி ஞானம். ஆனாலும் கச்சேரி வித்வான்களும் ரசிக்கிற அளவுக்கு ராகம் பாடினார். தியாகராஜரின் எவரனி கீர்த்தனையை அவர் கிராமபோன் தட்டில் பாடி, அது வீடு வீடாகப் போனது. சகோதரர்களில் ஒருவரான காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார். நாடகம் பார்க்க வந்த கூட்டம் கதைக்காக வரவில்லை, கதை எல்லோருக்கும் தெரியும். இன்னைக்கு ராத்திரி கிட்டப்பா அந்த இடத்தில் எப்படிப் பாடுவார் என்பதற்காக வந்தது.

ஒத்திகை கிடையாது

இங்கே ஸ்பெஷல் நாடகம் என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். கம்பெனி நாடகத்தில் ஒரே குழு, சேர்ந்தே வாழும், சேர்ந்தே ஒத்திகை பார்க்கும். ஸ்பெஷல் நாடகம் அப்படி இல்லை. ஊர்த் திருவிழாவுக்கோ கான்ட்ராக்டர் கேட்டோ, ஒரு ராத்திரிக்கு மட்டும் ஆட்களைத் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர், ஆர்மோனியம் இன்னோர் ஊர். சாயங்காலம் ரயிலிலிருந்து இறங்கி, ராத்திரி பத்து மணிக்குத் திரை தூக்கும்போதுதான் ஒருவரை ஒருவர் மேடையில் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்தது சுவாமிகள் எழுதிய நாடகமும் அதன் முறையும் மட்டும். மிச்சமெல்லாம் அந்த இடத்திலேயே, வேஷத்துக்குள் இருந்துகொண்டே. விடியும்வரை.

ஃபைவ்எம்மில் முன்பின் தெரியாத நாப்பது பேர் ஒரே நகரத்தில் இறங்கி ராத்திரி முழுக்கக் கதை ஓட்டுவதைப் பார்த்திருக்கீங்கல்ல? அதேதான்.

இதில் அதிகம் போடப்பட்டது வள்ளி திருமணம். இன்றைக்கும் தென்மாவட்டத் திருவிழாக்களில் போடுகிறார்கள். தினைப்புனத்தில் வள்ளி காவல் இருக்கிறாள். முருகன் வேடனாக வருகிறான், கிழவனாக வருகிறான், வேங்கை மரமாகவும் நிற்கிறான். வந்தது முருகன் என்று வள்ளிக்குத் தெரியாது. வள்ளி வேஷம் கட்டியவருக்குத் தெரியும். பார்க்கிற ஐயாயிரம் பேருக்கும் தெரியும், விடிஞ்சா கல்யாணம் என்பதும் தெரியும். இந்த நிலையில் வேலனும் வள்ளியும் மணிக்கணக்கில் தர்க்கம் செய்வார்கள். அவன் கேட்பான், அவள் மடக்குவாள். அவன் பாட்டில் ஏறுவான், அவள் அதற்கு மேல் ஏறுவாள்.

யோசிச்சுப் பாருங்க. நடிகைக்குத் தெரிந்ததை வள்ளி பயன்படுத்தினால், வந்தவன் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு நாடகத்தைப் பத்தரை மணிக்கே முடித்துவிடலாம். நாடகமே அந்தத் தெரியாமையில்தான் நடக்கிறது. விடியும்வரை தெரியாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். நான் சர்வரில் செய்தது என்ன? பத்தரை மணிக்குக் காலில் விழுந்தேன்.

குற்றாலத்துக்கும் இதில் பங்கு உண்டு. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி ஒருத்தி வருகிறாள். வசந்தவல்லி யாரை நினைத்து ஏங்குகிறாள் என்று கைரேகை பார்த்துச் சொல்கிறாள். எல்லாம் தெரிய உரிமையுள்ள ஒரே பாத்திரம் அவள்தான். அவள்கூட ஒரேயடியாகப் பெயரைச் சொல்லிவிடுவதில்லை. சுற்றி வளைத்து, மலைவளம் பாடி, கை பார்த்து, கடைசியில்தான் வருகிறாள். தெரிந்தவள் தெரிந்ததை எப்போது சொல்வது என்பதில்தான் அந்தப் பகுதியின் ருசி. இந்த மண்ணுக்கு இந்த விளையாட்டு புதுசு இல்லை.

ஆனால் ஒரு நுணுக்கம். நடிகர் தனக்குத் தெரிந்ததை முழுசாக வீட்டில் வைத்துவிட்டு வருவதில்லை. எதிரில் நிற்பவர் எந்த ராகத்தில் கெட்டி, எங்கே மூச்சு வாங்குவார், இன்றைக்குத் தொண்டை எப்படி இருக்கிறது என்பதெல்லாம் வள்ளிக்குத் தெரியாது, நடிகைக்குத் தெரியும். அதைப் பயன்படுத்தித்தான் எதிராளி ஏறுவதற்கு இடம் விடுவார்கள். அதே அறிவை எதிராளியைக் கவிழ்க்கவும் பயன்படுத்தலாம். புராணத்தில் எங்கோ மூலையில் கிடக்கும் கேள்வியைக் கேட்டு, பதில் தெரியாமல் விழிக்க வைத்து, கைதட்டு வாங்கும் ஆட்கள் ஸ்பெஷல் நாடகத்தில் இருந்தார்கள். அப்போது தர்க்கம் வேலனுக்கும் வள்ளிக்கும் நடப்பதில்லை. ரெண்டு நடிகர்களுடைய கர்வத்துக்கு நடுவில் நடக்கிறது. கூட்டத்துக்கு அது உடனே தெரிந்துவிடும்.

இலங்கையில் வந்த வள்ளி

1920களின் நடுவில் கிட்டப்பா இலங்கைக்குப் போனார். அங்கே ஏற்கெனவே கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தவர் கே.பி. சுந்தராம்பாள். கொடுமுடிக்காரர். 1908ல் பிறந்தவர். சின்ன வயதில் ரயிலில் பாடிக் காசு வாங்கிய வறுமை. அவருடைய குரலும் கிட்டப்பாவின் குரல் போலவே உயரத்தில் சஞ்சரிக்கும். இந்த ரெண்டு பேரையும் ஒரே மேடையில் நிறுத்தினால் யார் நிற்பார், யார் விழுவார் என்று பந்தயம் கட்டுகிற மனநிலையில் கூட்டம் இருந்திருக்கும்.

ரெண்டு பேரும் விழவில்லை. வேலனும் வள்ளியும் ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டார்கள். இலங்கையில் தொடங்கிய ஜோடி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. வள்ளி திருமணம், கோவலன், நந்தனார் என்று தொடர்ந்து போட்டார்கள். மேடைக்கு வெளியேயும் காதல். 1927ல் மாயவரத்தில் கல்யாணம்.

இந்த இடத்தில் கதையை இனிப்பாக முடிக்க முடியாது. கிட்டப்பாவுக்கு 1924லேயே கிட்டம்மாள் என்பவரோடு கல்யாணம் ஆகியிருந்தது. செங்கோட்டையில் அவர் இருந்தார். சாதி வேறு என்பதால் வீட்டில் எதிர்ப்பும் இருந்தது. அந்தக் காலத்தில் ரெண்டாம் கல்யாணத்துக்குச் சட்டத் தடை கிடையாது. அதனால் யாருக்கும் வலிக்கவில்லை என்று ஆகிவிடாது. ரெண்டு பெண்களும் வெவ்வேறு ஊரில் காத்திருந்தார்கள். மேடையில் வேலன் வள்ளியைத் தேடித் தேடி வருவான். வீட்டில் கிட்டப்பா அப்படி வரவில்லை. சுந்தராம்பாளுக்குப் பிறந்த குழந்தையும் தங்கவில்லை. இருவருக்கும் பிரிவு வந்தது. அந்தப் பிரிவுக் காலத்தில் சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் பின்னால் வெளியே வந்தன. அவற்றில் இருந்து ஒரு வரியும் நான் எடுத்துப் போடப்போவதில்லை. அவை ஒருத்தருக்கு எழுதப்பட்டவை.

பார்வையாளர்கள் நிலைமையை யோசியுங்கள். இப்போது மெட்டாகேமிங் செய்வது கூட்டம். வள்ளி வேலனை விரட்டும்போது, அது வள்ளி விரட்டுகிறாளா, சுந்தராம்பாள் கிட்டப்பாவை விரட்டுகிறாரா என்று ஜனம் பார்க்கும். கோவலன் மனைவியை விட்டுப் போகும் காட்சியில் கிசுகிசு ஓடாமலா இருக்கும்? நடிகர் கதவைச் சாத்தினாலும் பார்க்கிறவன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பான். இன்றைக்கு ரெண்டு ஸ்ட்ரீமர்களுக்கு நடுவில் சண்டை என்று தெரிந்தால் சாட் எப்படிக் கொதிக்கும்? அதேதான்.

வேஷத்துக்குள் வந்த நாட்டு விஷயம்

எல்லாக் கசிவும் தப்பு என்று முடித்துவிடவும் முடியாது. அதே காலத்தில் அதே வள்ளி திருமணம் மேடையில் இன்னொரு முருகன் இருந்தார். தியாகி விஸ்வநாததாஸ் (1886–1940), சிவகாசிக்காரர். தினைப்புனத்தில் பறவை விரட்டும் இடத்தில் வெள்ளைக் கொக்கை விரட்டும் பாட்டு வரும். அது எந்த வெள்ளையைச் சொல்கிறது என்று கூட்டத்துக்குப் புரியும், கீழே நிற்கும் போலீசுக்கும் புரியும். புராண காலத்து முருகனுக்கு ஜாலியன்வாலாபாக் தெரிய நியாயம் இல்லை. வேஷம் கட்டியவருக்குத் தெரியும். தெரிந்ததை வேண்டுமென்றே வேஷத்துக்குள் கொண்டுவந்தார். பலமுறை ஜெயிலுக்குப் போனார். 1940 கடைசியில் சென்னையில் முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிர் விட்டார். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும்கூடக் காங்கிரஸ் பக்கம் நின்று மேடையில் தேசியப் பாட்டுகள் பாடியவர்கள்தான்.

இதுவும் மெட்டாகேமிங்தானே என்று ரூம்மேட் என்னை மடக்கினான். நல்ல கேள்வி. ரொம்ப நேரம் யோசிச்சேன். எனக்குத் தோன்றிய வித்தியாசம் இதுதான். விஸ்வநாததாஸ் கொண்டுவந்த வெளி அறிவால் எதிரில் நின்ற நடிகருக்கு எந்த நஷ்டமும் இல்லை, நாடகம் பாதியில் முடியவும் இல்லை. நஷ்டம் முழுவதையும் அவரே ஏற்றுக்கொண்டார், ஜெயில் வடிவில். நான் கொண்டுவந்த வெளி அறிவு என் செலவில் வரவில்லை. என் ரூம்மேட்டின் ரெண்டு நாள் உழைப்பின் செலவில் வந்தது. ரூல் ஒன்றுதான். யார் தலையில் கணக்கு எழுதுகிறோம் என்பதில்தான் நியாயம் இருக்கு.

இருபத்தேழு வயது

கிட்டப்பாவின் கடைசி வருஷங்கள் சீக்கிரம் சொல்லி முடிக்க வேண்டியவை. குடி அவர் உடம்பைத் தின்றது. ராத்திரி முழுக்க விழித்து, உச்ச சுருதியில் பாடி, ஊர் ஊராக ரயிலில் அலைந்த உடம்பு. அது தாங்கவில்லை. 1931ல் முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் வந்தது. நாடக மேடையில் இருந்தவர்கள் எல்லாம் சினிமாவுக்குப் போக ஆரம்பித்தார்கள். கிட்டப்பாவுக்கு அதற்கு நேரம் இருக்கவில்லை. 1933 டிசம்பர் 2ல் இறந்தார். இருபத்தேழு வயது. நம்ம சீனியர்களில் பிஎச்டி பண்ணிக்கொண்டிருக்கும் அண்ணன்கள் வயது.

அவர் நடித்ததை இன்று நாம் பார்க்க முடியாது. இருப்பது கிராமபோன் தட்டுகள் மட்டும். நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம்தான். விடியும்வரை பாடிய மனிதர் மூன்று மூன்று நிமிஷமாக மிச்சம் இருக்கிறார்.

சுந்தராம்பாளுக்கு அப்போது இருபத்தைந்து வயது. வெள்ளைச் சேலை உடுத்தினார், நகைகளைக் கழற்றினார், இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935ல் நந்தனார் படத்துக்கு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கினார். அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்படாத தொகை. அதில் அவர் போட்டது நந்தனார் வேஷம், ஆண் வேஷம். ஜோடி தேவைப்படாத வேஷம். பிறகு மணிமேகலை, 1953ல் ஔவையார். 1980ல் இறக்கும்வரை அந்த முடிவு மாறவில்லை.

இதைப் பெரிய காதல் என்று சொல்லிப் பாராட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு சுலபமாகப் பாராட்ட வரவில்லை. வாழும்போது முழுசாகக் கிடைக்காத ஒரு மனிதருக்காக ஒரு பெண் நாற்பத்தேழு வருஷம் விதவைக் கோலத்தில் இருந்தார். அன்றைய ஊர் அதைத்தான் அவரிடம் எதிர்பார்த்தது என்பதும் உண்மை. கிட்டம்மாளும் அதே நாளில் விதவை ஆனார், அவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். மேடையில் வேலன் யாரென்று தெரியாதது போல நடிக்கத் தெரிந்த வள்ளிக்கு, மேடைக்கு வெளியே அந்த வேஷத்தைக் கழற்றத் தெரியவில்லை, அல்லது கழற்ற மனம் வரவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் கதையில் வேஷம் தண்ணீர்த் துறை வரைக்கும் நடந்து போனது. இங்கே அது வாழ்க்கை முழுக்கக் கூடவே நடந்தது.

கிட்டப்பாவுக்கு நேர்ந்தது அதற்கு நேர்மாறு என்று நினைக்கிறேன். வேஷத்துக்குள் இருக்கும்போது எதிராளிக்கு இடம் விடத் தெரிந்தவர், வெளியே வந்ததும் அதை மறந்துவிட்டார். சுருதி சேர்த்த கவனத்தில் பாதியை வீட்டில் வைத்திருந்தால் ரெண்டு பெண்களின் கதை வேறு மாதிரி இருந்திருக்கும். மேதை என்பதற்காக அந்தக் கணக்கை அழித்துவிட முடியாது. கணக்கு இருக்கிறது என்பதற்காக அந்தக் குரலைக் கேட்காமலும் இருக்க முடியாது.

லீவு முடிந்து ஹாஸ்டலுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கட்டில்களை இழுத்துப் போட்டோம். இப்போது என் முதுகு அவன் ஸ்கிரீனைப் பார்த்து இருக்கிறது. ஹெட்செட் ரெண்டு பேருக்கும். அப்படியும் சில நாள் அவன் சிரிக்கிற சிரிப்பிலேயே ஏதோ பிளான் போட்டிருக்கான் என்று எனக்குத் தெரிந்துவிடும். என் கேரக்டருக்கு அது தெரியாது. வண்டியை எடுத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத போலீஸ்காரனாக, தப்பான தெருவிலேயே ரோந்து போகிறேன்.

சீசனுக்குக் குற்றாலம் போறவங்க, அருவியில் குளிச்சிட்டு, செங்கோட்டை பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரமா உட்கார்ந்து, கிட்டப்பான்னு யூடியூபில் தேடிப் போட்டுக் கேளுங்க. மூணு நிமிஷம்தான். பஸ் ஊருக்குள் நுழையறதுக்குள் நாலைஞ்சு தட்டு கேட்டுடலாம்.